அடித்தகடு மோதிய ஊர்

நெஜியா படகின் முன்முனையான அணியத்தில் கால்களை அகட்டி உட்கார்ந்து, மண்குடுவைகளின் கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். புதுக் கயிறு விரலை அறுத்தது. ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் கடித்து இறுக்கிவிட்டு, குடுவையை முழங்காலோரம் சாய்த்து வைத்தாள். கடலடியில் இறக்கிய குடுவையை வளையென்று நினைத்துப் புகுந்துகொள்ளும் எட்டுக்கால் பேய்க்கணவாயின் பருவம் திறக்க இன்னும் சில நாட்கள்தான். கெர்க்கென்னாத் தீவில் அந்த வாரம் எந்த வீட்டு முற்றத்தைப் பார்த்தாலும் குடுவையும் கயிறுமாகத்தான் கிடந்தது. படகின் பின்பக்கத்தில் அவள் தம்பி ஃப்ரேஜ் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்தபடி, சூரியகாந்தி விதைகளைப் பல்லில் உடைத்துத் துப்பிக்கொண்டு வந்தான். அது அவர்கள் அப்பா காலத்திலிருந்து போய்வந்த நீர்வழி. இடுப்பளவு தண்ணீர், அடியில் கடல்புல். கண்ணைக் கட்டிவிட்டாலும் போகலாம்.

அந்த வழியில்தான் அடி விழுந்தது.

படகு முழுதும் அதிர்ந்தது. மோட்டார் துள்ளி எழுந்து, காற்றாடி தண்ணீருக்கு மேலே வந்து கத்திவிட்டு நின்றது. நெஜியா குடுவைகள் மேல் குப்புற விழுந்தாள். இரண்டு மூன்று உடைந்தன.

"டேய்! எங்கடா பாத்துட்டு வர?"

"அக்கா, நான் வழியிலதான் வந்தேன். சத்தியமா. இங்க கல்லே கிடையாதே!"

ஃப்ரேஜ் மோட்டாரைச் சாய்த்துத் தூக்கினான். காற்றாடிக்குக் கீழே, சுறாவின் முதுகுச் செட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அடித்தகட்டில் பாதி இல்லை. மிச்சமிருந்த விளிம்பு, கடித்த ரொட்டிபோலப் பிய்ந்து வெள்ளையாக மினுங்கியது. காற்றாடியின் ஓர் இதழ் நுனியில் மடங்கியிருந்தது. அவன் கயிற்றை இழுத்து மோட்டாரை மறுபடி கிளப்பிப் பார்த்தான். கிளம்பியது. ஆனால் வேகம் கொடுத்ததும் படகு ஒரு பக்கமாகவே திரும்பியது. கைப்பிடி, கட்டிப்போட்ட கழுதை கயிற்றை இழுப்பதுபோல அவன் கையைப் பறித்தது. இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கரைவரைக்கும் ஓட்டி வந்தான்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் தூரத்திலேயே பார்த்துவிட்டார்கள்.

"என்னம்மா நெஜியா, உன் தம்பி நண்டுகிட்டயா படகு ஓட்டப் படிச்சான்? பக்கவாட்டுலயே வரானே!"

"சிரிங்க, நல்லா சிரிங்க. நாளைக்கு உங்க மோட்டாரும் அதே எடத்துல இடிக்கும்," என்றாள் நெஜியா. அவளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. அப்பா இறந்த வருடம் அவள் படகில் ஏறியபோது, பெண்பிள்ளை குடுவை இழுப்பதா என்று இதே கரை சிரித்தது. சிரிப்பு அவளுக்குப் புதிதில்லை.

ஃப்ரேஜ் மோட்டாரைக் கழற்றி மணலில் படுக்கவைத்து, கீழ்ப்பகுதியின் எண்ணெய்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தினான். வந்த சொட்டை விரலில் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினான். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டதென்று அர்த்தம், மோட்டாரே போச்சு. சொட்டு தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். பல்சக்கரத்துக்கு ஒண்ணும் ஆகல. தகடு மட்டும்தான்."

"தகடு மட்டும்தானாம்! அரம் போட்டுத் தேச்சு விட்டுட்டு ஓட்டலாமா?"

"பருவம் முழுக்க இப்படி இழுத்துப் புடிச்சு ஓட்டினா என் தோள் கழண்டு கையில வந்துரும். அடுத்த தடவ இடிச்சா நேரா காத்தாடிதான். தடுக்க ஒண்ணுமில்ல."

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் அலுமினியம் ஒட்டும் தையிப்புக்கு ஃப்ரேஜ் போன் செய்தான். ஃப்ரேஜின் மனைவிக்கு அவர் தூரத்து உறவு. புதுக் கீழ்ப்பகுதி வரவழைத்தால் பருவமே முடிந்துவிடும் என்றார் தையிப். "உடைஞ்ச துண்டு இருக்கா? இருந்தா கொண்டா. அந்த அச்சுலயே வச்சு ஒட்டிரலாம். புதுசா வெட்டி வச்சா கோணல் வரும். கோணல் வந்தா திரும்பவும் இழுக்கும்."

துண்டு கடலுக்கடியில் கிடந்தது.

அதற்கடுத்த நாட்களில் பௌர்ணமி வந்தது. கரையிலிருந்து கடலைப் பார்த்து வலுவான காற்றும் அடித்தது. இரண்டும் சேர்ந்தால் அந்தக் கடல் எழுந்து நடந்து போய்விடும். விடியற்காலையில் அக்காவும் தம்பியும் படகைக் கழியூன்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது, பிறகு கணுக்காலுக்கு. ஓரிடத்தில் படகு தரைதட்டியது. அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். ஃப்ரேஜ் கையில் வாளி. நெஜியா இடுப்பில் குடுவைக் கயிறு ஒரு சுருள், பழக்கதோஷத்தில் கொண்டுவந்தது.

கடல்புல் இருக்கவேண்டிய இடம் மொட்டையாகக் கிடந்தது. தரையில் நீளநீளமாக உழுத சால்கள்.

"தரையோட வலைய இழுக்குற இழுவைமடிக்காரனுங்க வேலை. ராத்திரி வந்து புல்லையே வழிச்சு எடுத்துட்டுப் போயிருக்கானுங்க. புல்லு போனா மண்ணு நிக்குமா? மண்ணு போச்சு, கல்லு வெளிய வந்துருச்சு," என்றான் ஃப்ரேஜ்.

"அப்பா இருந்திருந்தா மண்ணை வாரித் தூத்தி சாபம் விட்டிருப்பார்."

நெஜியாதான் முதலில் பார்த்தாள். இரண்டு கற்களுக்கு நடுவில் ஏதோ மின்னியது. குனிந்து கையை விட்டாள். அடித்தகட்டின் துண்டு, கல் இடுக்கில் ஆப்பு அடித்ததுபோல இறுகியிருந்தது. ஆட்டி ஆட்டி எடுத்து உயர்த்திக் காட்டினாள். "கெடச்சிருச்சுடா!"

ஃப்ரேஜ் துண்டைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இது கல்லு இல்ல. சுவரு."

அவள் கீழே பார்த்தாள். கற்கள் சதுரமாகச் செதுக்கப்பட்டு, ஒன்றோடொன்று மயிரிழை இடைவெளியில்லாமல் பொருந்தியிருந்தன. மண்டியிட்டு, உள்ளங்கையால் மணலை வழித்துவிட்டாள். சுவர் மூலைக்குப் போய்த் திரும்பியது. அங்கிருந்து இன்னொரு சுவர். உள்ளே வாளியால் மணலை அள்ளி வீசினான் ஃப்ரேஜ். ஈரமான இளஞ்சிவப்புப் பூச்சு வெளிப்பட்டது. தொட்டால் தேய்த்த பாத்திரத்தின் அடிபோல வழவழவென்றிருந்தது. அது ஒரு தொட்டி. ஒரு மூலையில் இறுகிக் கட்டியாகிப்போன ஏதோ கிடந்தது. நெஜியா நகத்தால் சுரண்டினாள். சின்னச் சின்ன முள்ளும் செதிளும், அடுக்கடுக்காக.

"மத்தி," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "மத்தி மீனுடா. உப்புப் போட்டு ஊறவச்சிருக்காங்க."

அவள் எழுந்து நின்றாள். சூரியன் அப்போதுதான் தண்ணீர்மட்டத்துக்கு மேலே வந்திருந்தது. சாய்ந்த வெளிச்சத்தில் ஈர மணல் எங்கும் கோடுகள் தெரிந்தன. அவள் நின்ற தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டி, அதற்கப்பால் இன்னொன்று. அப்புறம் ஒரு தெரு. தெருவின் இரண்டு பக்கமும் வீட்டு அறைகள், வாசற்படிகள். படிகள் இறங்கித் தண்ணீருக்குள் போயின. தெளிந்த அந்தத் தண்ணீருக்குள்ளும் தெரு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது; சுவர்கள், முனைகள், திருப்பங்கள், பச்சையாக, பிறகு நீலமாக, கண்ணுக்கு எட்டாத ஆழம் வரைக்கும். அவளுடைய அப்பாவும் அவருடைய அப்பாவும், பிறகு அவளும் குடுவை இறக்கிய கடலின் அடியில் ஓர் ஊரே படுத்திருந்தது.

"சுப்ஹானல்லாஹ்," என்றான் ஃப்ரேஜ். சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

தெருமுனையில், படகு கட்டும் துறைபோல இருந்த இடத்தில், ஒரு நீளக் கல். அதன் விளிம்பில் பள்ளம் பள்ளமாகத் தேய்மானம். நெஜியா அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். விரலுக்கு அது பழகிய இடமாகப் பட்டது. தங்கள் படகின் பக்கப்பலகையில், குடுவைக் கயிறு ஏறி இறங்கும் இடத்தில், இதே தேய்மானம் இருக்கிறது. அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து ஒரு பள்ளத்தில் வைத்தாள். கயிறு அதற்குள் படுத்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள். எந்தப் பக்கமும் நழுவாமல் ஓடி வந்தது.

"இங்க நின்னு இழுத்திருக்காங்கடா," என்றாள். "என்ன மாதிரியே நின்னு. கல்லு தேயுற வரைக்கும்னா எத்தன பேரு, எத்தன காலம்!"

"பொம்பளையும் இழுத்திருப்பாளா?"

"கயித்துக்குத் தெரியுமா ஆம்பளை பொம்பளை?"

அருகில் தண்ணீர் தேங்கிய தொட்டியின் மூலையிலிருந்து ஒரு பேய்க்கணவாய் ஒரு காலை நீட்டி, கல்லைத் தொட்டுப் பார்த்து, மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது. சாதாரணமாக ஃப்ரேஜ் பாய்ந்திருப்பான். அன்று இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். வந்த வேலை மறந்துபோயிற்று. தண்ணீர் கணுக்காலில் ஏறிய பிறகுதான் ஃப்ரேஜ் அவசரமாகப் போனில் ஒரு படம் எடுத்தான்.

மறுநாள் மோட்டாரின் கீழ்ப்பகுதியைக் கழற்றி, சாக்கில் சுற்றி, இருவரும் ஸ்ஃபாக்ஸுக்குக் கப்பல் ஏறினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் சாக்கைப் பார்த்தார். "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் நாள் கெடக்கே, ஆட்டுத் தொடையை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"கடலாடு. எலும்பு முறிஞ்சுருச்சு. வைத்தியர்கிட்ட காட்டப் போறோம்," என்றாள் நெஜியா. பிறகு எழுந்துபோய், கடல் கடக்கும்வரை கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையிப்பின் பட்டறையில் இரும்புத்தூள் நெடி. அவர் தடித்த கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உடைந்த துண்டை மோட்டாரோடு பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. இரண்டு விளிம்பையும் சாணையில் சரிவாகத் தேய்த்தார். சுழல்தண்டின் ரப்பர் வளையம் வெந்துவிடாமல் ஈரத்துணி சுற்றினார். முதல் நெருப்பு பட்டதும் உலோகம் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்தது.

"பாத்தியா, ரொம்ப உப்பு குடிச்சிருக்கு. இதை முதல்ல வேர்க்கவிடணும்," என்று மெல்லிய தீயில் தகட்டை வெகுநேரம் வாட்டினார். வாட்டிக்கொண்டே கேட்டார். "எதுல கொண்டுபோய் இடிச்சீங்க? உங்க தீவுல மணலைத் தவிர ஒண்ணும் கிடையாதே?"

ஃப்ரேஜ் அக்காவைப் பார்த்தான். கப்பலில் ஏறும்போதே யாரிடமும் சொல்லவேண்டாம் என்று பேசி வைத்திருந்தார்கள். நெஜியா வாயைத் திறக்கக்கூடாதென்றுதான் இருந்தாள். ஆனால் இரண்டு நாளாக அது அவளுக்குள் தளும்பிக்கொண்டிருந்தது.

"ஒரு ஊர்ல இடிச்சோம் தையிப் அண்ணே," என்றாள். "தண்ணிக்குள்ள ஒரு ஊரு. தெருவு இருக்கு, படி இருக்கு. மீனுக்கு உப்புப் போட்ட தொட்டி இருக்கு, உள்ள முள்ளு அப்படியே கெடக்கு. கயித்துத் தடம் கல்லுல இவ்ளோ ஆழம்." அவள் கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். ஃப்ரேஜின் போனை வாங்கிப் படத்தையும் காட்டினாள்.

தையிப் தீயை அணைத்துவிட்டுப் பார்த்தார். ஜன்னல் கம்பிக்காகக் காத்திருந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியரும் எட்டிப் பார்த்தார். அவருக்கு முகமே மாறிவிட்டது. "அம்மா, இதை எனக்கு அனுப்ப முடியுமா? இது ரோமர் காலத்ததா இருக்கலாம். இதைப் பாக்கவேண்டியவங்க இருக்காங்க."

"அனுப்புடா," என்றாள் நெஜியா.

"அக்கா..."

"எத்தனை காலமா மண்ணுக்குள்ள கெடந்திருக்காங்க பாவம். யாராவது பாக்கட்டுமே."

தையிப் கறுப்பு முகமூடியை மாட்டிக்கொண்டார். நீல வெளிச்சம் சுவரெல்லாம் அடித்தது. அவர் நிமிர்ந்தபோது, தகட்டின் குறுக்கே ஆறிய காயத்தின் தழும்புபோல ஒரு தடித்த கோடு. "இனி தகடு முறியும், ஒட்டு முறியாது," என்றார்.

முறியவில்லை. கரையில் மோட்டாரை மாட்டி ஓட்டிப் பார்த்தபோது படகு வெட்டிய கோடுபோல நேராகப் போனது. ஃப்ரேஜ் ஒரு விரலால் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு மறு கையை உயரத் தூக்கிக் கரைக்குக் காட்டினான். "நண்டு செத்துப்போச்சுடோய்!" என்று கத்தினான்.

பருவம் திறந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஃப்ரேஜ் மோட்டாரைச் சாய்த்து நிறுத்திவிடுவான். கழியூன்றி மெல்லப் போவார்கள். நெஜியா அணியத்தில் குப்புறப் படுத்து முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். அடியில் தெரு நகர்ந்துபோகும். ஒருநாள் ஒரு வாசற்படி, ஒருநாள் அம்மிபோலக் குழிந்த கல், ஒருநாள் வண்ணச் சில்லுகள் பதித்த தரையில் பாதி மீன். வீட்டுக்குப் போனதும் ஃப்ரேஜின் மனைவியிடம் அதைச் சொல்லுவாள். சொல்லி முடிக்கும்போது வாற்கோதுமைக் கூழ் ஆறியிருக்கும்.

புல் அழிந்த மற்ற இடமெல்லாம் பேய்க்கணவாய்க்கு ஒளிய இடமில்லை. அவை எல்லாம் கல்லைத் தேடி அந்த ஊருக்குள் வந்து சேர்ந்தன. நெஜியா தன் குடுவைகளைத் தெரு நெடுக, வாசலுக்கு வாசல் இறக்கினாள். அந்த வருடம் மற்ற படகுகள் வெறுங்குடுவையோடு திரும்பியபோது அவர்களுக்கு மட்டும் குடுவை நிறையப் பாடு இருந்தது.

குளிர் முற்றிய பிறகு, ஆசிரியர் அனுப்பிய படத்தைப் பார்த்துத் தலைநகரிலிருந்து தொல்லியல் ஆட்கள் வந்தார்கள். முக்குளிப்பவர்கள், அளவு நாடாக்கள், கருவிகள். அவர்களுக்குத் தலைவியான இளம்பெண் தானாகவே நெஜியாவின் வீடு தேடி வந்து, தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். "நீங்கதான் வழி காட்டணும் அக்கா. எங்க வரைபடத்துல அங்க வெறும் மணல்னுதான் போட்டிருக்கு." நெஜியா நல்ல துணி உடுத்திக்கொண்டு அவர்களை அழைத்துப் போனாள். கயிற்றுத் தடத்தைக் காட்டினாள். அந்தப் பெண் தண்ணீருக்குள் நின்று, கல்லைத் தொட்டபடி அழுதுவிட்டாள். நெஜியாவுக்கும் கண் நிறைந்தது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் மஞ்சள் மிதவைகள் வந்தன. ஊரைச் சுற்றிக் கயிறு கட்டி, பலகையும் நட்டார்கள். உள்ளே மீன்பிடிக்கக்கூடாது, குடுவை இறக்கக்கூடாது. உத்தரவில் அந்தப் பெண்ணின் கையெழுத்து இல்லை. அதைப் போட்டவர்களை அவளே பார்த்ததில்லை என்று போனில் சொன்னாள். "நான் எழுதிக் கேக்குறேன் அக்கா. உங்களுக்கு மட்டுமாவது..." என்றாள். அதற்கப்புறம் போன் வரவில்லை.

குடுவைகளை எடுக்க ஒரு நாள் கொடுத்தார்கள். காவலுக்கு வந்தவன் பக்கத்துக் கிராமத்துப் பையன்தான், ஹம்ஸா. சம்பளத்துக்குப் புதுச் சட்டை மாட்டியிருந்தான். நெஜியாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"உள்ள புடிச்சத உள்ளயே விட்டுரணுமாம் அத்தை."

"என் குடுவைக்குள்ள கெடக்குறதையா?"

"நான் சொல்லல அத்தை. சொல்லச் சொல்லிருக்காங்க."

ஃப்ரேஜ் கழியை ஓங்கி ஊன்றினான். "ராத்திரி இழுவைமடி போடுறானே, அவன்கிட்ட போய்ச் சொல்லு பாப்போம்!"

"ராத்திரி எனக்கு வேலை இல்ல அண்ணே," என்றான் ஹம்ஸா, மெதுவாக.

நெஜியா கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். அப்போது வெள்ளை நிறத்தில், அடியில் கண்ணாடி வைத்த ஒரு படகு மிதவைகளைத் தாண்டி உள்ளே வந்து நின்றது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட பயணிகள். வழிகாட்டி ஒலிபெருக்கியில் பேசினான்: "இங்கே வாழ்ந்தவர்கள் மீனவர்கள். கடல்தான் அவர்களுக்கு எல்லாம். ஒருநாள் தண்ணீர் ஏறி வந்தது. அவர்கள் தங்கள் ஊரை விட்டுவிட்டுப் போனார்கள்."

குடுவை மேலே வந்தது. கனமாக இருந்தது. நெஜியா அதைப் பக்கப்பலகையில் ஒரு நொடி வைத்திருந்தாள். பிறகு கவிழ்த்தாள். பேய்க்கணவாய் சிவந்து, வெளுத்து, கால்களை விரித்துத் தண்ணீருக்குள் இறங்கி, வாசற்படி ஒன்றின் மேல் தவழ்ந்து மறைந்தது.

வெள்ளைப் படகில் ஆரவாரம் எழுந்தது. எல்லோரும் அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். போன்கள் உயர்ந்தன. ஒரு சிறுமி ஏதோ கூவினாள்.

"இன்னொண்ணு காட்டச் சொல்றாங்க!" என்றான் வழிகாட்டி ஒலிபெருக்கியில், சிரித்துக்கொண்டே.

நெஜியா அடுத்த குடுவையின் கயிற்றைக் கையில் சுற்றினாள்.